ஒரு நாள் போனா எதை விடுவீங்க?

எங்க ஹாஸ்டல் விங்ல இப்போ ஒரு எக்செல் ஷீட் சுத்திக்கிட்டு இருக்கு. மூணாம் வருஷப் பசங்க நாலு பேர், எட்டு நாள், மூணு நாடு: வியட்நாம், கம்போடியா, லாவோஸ். ஒவ்வொரு வரியிலும் அரை மணி நேரக் கணக்கு. "அண்ணா, நீங்க தனியாப் போயிட்டு வந்தீங்கள்ல, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க"ன்னு எனக்கும் அனுப்பினாங்க. பாத்தேன். போன டிசம்பர்ல மலேசியா, தாய்லாந்துக்கு நான் போட்ட ஷீட் மாதிரியே இருந்துச்சு. அவங்களுக்கு வாட்ஸ்அப்ல பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன். நீண்டுக்கிட்டே போச்சு. அதான் கட்டுரையாவே எழுதிட்டேன்.

நேரா விஷயத்துக்கு வர்றேன். வெளிநாட்டுப் பயணத்துல டிலே ஆகும். ஒரு ஃப்ளைட், ஒரு ரயில், ஒரு பஸ், ஏதோ ஒண்ணு கண்டிப்பா லேட் ஆகும். அதை நம்மால தடுக்க முடியாது. ஆனா லேட் ஆனா எதை விடறதுன்னு கிளம்பும்போதே முடிவு பண்ண முடியும். நான் பண்ணல. அதுக்குக் கொடுத்த விலையில பாதி பணம். மீதிப் பாதி என்னன்னு சொல்லத்தான் இந்தக் கதை.

முதல்ல என் ஷீட். இன்டர்ன்ஷிப் ஸ்டைபெண்ட்ல சேத்து வச்ச 48,000 ரூபாய். செமஸ்டர் லீவுல எட்டு நாள். சென்னையில இருந்து கோலாலம்பூர், அங்க ரெண்டு நாள். ரயில்ல பினாங்கு, ரெண்டு நாள். அஞ்சாம் நாள் பட்டர்வொர்த்ல இருந்து எல்லை ஊரான பாடாங் பெசார் போய், சாயங்காலம் பாங்காக் ஸ்லீப்பர். ஆறாம் நாள் காலைல பாங்காக். அன்னிக்கு கிராண்ட் பேலஸ், வாட் போ, ராத்திரி சைனா டவுன். ஏழாம் நாள் காஞ்சனபுரி, அந்த குவாய் ஆத்துப் பாலம். எட்டாம் நாள் விடிகாலைல சென்னை ஃப்ளைட். இந்திய பாஸ்போர்ட்டுக்கு நான் போனப்போ ரெண்டு நாட்டுக்கும் முன்கூட்டி விசா வாங்க வேண்டியதில்ல. சுலபம்னு நெனச்சேன்.

காஞ்சனபுரியை ஏன் போட்டேன்னு உண்மையைச் சொல்றேன். ரீல்ஸ்ல பாத்தேன். மலையை ஒட்டி மரத்தூண்கள் மேல ரயில் வளைஞ்சு போகும், கீழ ஆறு. வெளிநாட்டுக்காரங்களுக்கு டிக்கெட் 100 பாத். மலிவு, போட்டோ நல்லா வரும். அவ்வளவுதான் காரணம்.

முதல் டிலே சென்னை ஏர்போர்ட்லயே. நடுராத்திரி கிளம்ப வேண்டிய ஃப்ளைட். ஒரு மணி நேரம் லேட்னு சொன்னாங்க. அது முடியும்போது இன்னொரு மணி நேரம். இப்படியே தவணை முறையில 7 மணி நேரம். மொத்தமா 7 மணி நேரம்னு முதல்லயே சொல்லியிருந்தா தூங்கியாவது இருப்போம். டிஜிசிஏ விதி ஒண்ணு இருக்குன்னு ஊருக்கு வந்தப்புறம்தான் படிச்சேன். பறக்கற நேரம் இரண்டரை மணியிலிருந்து 5 மணி வரைக்கும் இருக்கற ஃப்ளைட் 3 மணி நேரத்துக்கு மேல லேட் ஆகும்னா சாப்பாடு தரணும். எனக்கு இது தெரியாது. ஏர்போர்ட்ல 280 ரூபாய்க்கு ஒரு சாண்ட்விச் வாங்கித் தின்னேன். கேட்டிருந்தா சாப்பாடு கெடச்சிருக்கும். கோலாலம்பூர்ல நேரம் குறிச்சு வாங்கின ஒரு டிக்கெட்டும் வீணாச்சு. பத்து மலைக்குப் போக நேரமில்லாம முருகனை ரயில் பாதையில இருந்து தேடினதோட சரி.

அப்பவாவது புத்தி வந்திருக்கணும். வரல. "ஓகே, அரை நாள்தானே போச்சு"ன்னு மீதி ஷீட்டை அப்படியே வச்சுக்கிட்டேன்.

ரெண்டாவது டிலேக்கு நானும் ஒரு காரணம். டிசம்பர்ல நமக்கு எந்த மழையோ, தென் தாய்லாந்தோட கிழக்குக் கரைக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான். அக்டோபர்ல இருந்து வருஷக் கடைசி வரைக்கும் அந்தப் பக்கம் கொட்டும். சென்னையில பிறந்து வளந்தவன், டிசம்பர்ல வெள்ளம்னா என்னன்னு தெரிஞ்சவன், மேப்பைப் பாத்து "வெப்பமண்டல பீச்"னு மட்டும் யோசிச்சேன். பாடாங் பெசார்ல எல்லாம் ஒழுங்காத்தான் நடந்துச்சு. ஒரே ஸ்டேஷன் கட்டடத்துல மலேசியா முத்திரை, பக்கத்துலயே தாய்லாந்து முத்திரை. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வச்சேன். அந்த ஒரு மணி நேரம் லாபம்னு சந்தோஷம் வேற. ரயில் ஏறி, ஒரு மணி நேரத்துல ஹட்யாய் வந்துச்சு. அங்க நின்னுச்சு. வடக்கே தண்டவாளத்துல தண்ணி.

எப்போ கிளம்பும்னு யாருக்கும் தெரியல. அறிவிப்பு தாய் மொழியில. மழை விட்டு விட்டுப் பெய்யுது. நெட் வந்து வந்து போகுது. அம்மாவுக்கு "ரயில்ல தூங்கப் போறேன்"னு ஒரு மெசேஜ் போயிருந்துச்சு, அதுக்கப்புறம் எதுவும் போகல. அந்த ராத்திரி முழுக்க அவங்க தூங்கலன்னு பின்னாடி தங்கச்சி சொன்னா. "டிலேதான் உண்மையான பயணம்", "தொலைஞ்சு போனாத்தான் உன்னையே கண்டுபிடிப்பே"ன்னு வீடியோ போடறவங்க மேல எனக்குக் கோபம் வர்றது இதனாலதான். மாத்து டிக்கெட் வாங்கக் கையில காசு இருக்கறவனுக்கு டிலே ஒரு கதை. ரிட்டர்ன் ஃப்ளைட்டைக் கோட்டை விட்டா அடுத்த டிக்கெட்டுக்கு வீட்டுல கேட்கணும்ங்கற நிலைமையில இருக்கறவனுக்கு அது வயித்தைக் கலக்கற விஷயம். அந்த ராத்திரி நான் என்னை ஒண்ணும் கண்டுபிடிக்கல. பேங்க் பேலன்ஸைத்தான் நாலு தடவை பாத்தேன்.

விடிகாலைல போன்ல ஷீட்டைத் திறந்து வரிகளை அழிக்க ஆரம்பிச்சேன். பாங்காக்ல கையில இருக்கப் போறது ஒரே ஒரு நாள். கிராண்ட் பேலஸ் இருக்கட்டும், அது இல்லாம பாங்காக் போனேன்னு சொல்ல முடியாது. சைனா டவுன் இருக்கட்டும். காஞ்சனபுரியை அழிச்சேன். ரெண்டு நொடி கூட யோசிக்கல.

எதிர் பெர்த்ல ஒரு பெரியவர். வயசு 70-க்கு மேல இருக்கும். மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோட பாங்காக் போறார். கெடாவுல இருக்கற தமிழ்க் குடும்பம். ராத்திரி எனக்கு பிஸ்கட்டும் சுடுதண்ணியும் கொடுத்ததே அவங்கதான். நான் முகத்தைச் சுளிக்கறதைப் பாத்து, "என்ன தம்பி, திட்டம் எல்லாம் போச்சா?"ன்னு கேட்டார்.

"ஆமாய்யா. ஒரு நாள் போயிடுச்சு. காஞ்சனபுரியை எடுத்துட்டேன்."

"அங்க எதுக்குப் போறதா இருந்தீங்க?"

"அந்தப் பாலம், ரயில் எல்லாம் பாக்கலாம்னு."

அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் சாதாரணமா, ஊர்க்கதை சொல்ற மாதிரி சொன்னார். அவரோட பெரியப்பா சுங்கை பட்டாணி பக்கம் ஒரு தோட்டத்துல பால்மரம் வெட்டிக்கிட்டிருந்தவர். ஜப்பான்காரங்க காலத்துல, மூணு மாச வேலை, நல்ல சம்பளம்னு சொல்லி சயாமுக்கு ரயில் ஏத்தினாங்க. கல்யாணம் ஆகாத பையன். திரும்பி வரல. கடிதாசு இல்ல, சாவுச் செய்தி இல்ல. "என்னைக்குச் செத்தாருன்னே தெரியாது தம்பி. தேதி தெரியாததால எங்கப்பா அவருக்கு ஆடி அமாவாசையிலதான் படைப்பாரு. அப்பாவுக்கு அப்புறம் நான் செய்றேன்."

"நீங்க போயிருக்கீங்களா ஐயா?"

"ஒரு தடவை போனேன். எங்கன்னு தேடுறது?"

போகச் சொல்லி அவர் என்னைக் கட்டாயப்படுத்தல. அதோட பேரனுக்கு மைலோ கலக்கப் போயிட்டார். நான் அழிச்ச வரியைத் திரும்பப் போட்டேன். கிராண்ட் பேலஸை அழிச்சேன்.

காலைல எட்டு மணி வாக்குல ரயில் நகர்ந்துச்சு. பாங்காக் சேர்ந்தது அன்னிக்கு ராத்திரி 12-க்கு மேல, 14 மணி நேரம் லேட். மெட்ரோ கிடையாது. டாக்ஸிக்கு டபுள் காசு. முன்னாடி நாள் ராத்திரிக்கும் சேத்துக் கட்டின ரூம் காசு போனது போனதுதான். மொத்தக் கணக்குல டிலேக்கு மட்டும் 5,200 ரூபாய். நாலு மணி நேரம் தூங்கிட்டு, ஆத்துக்கு மேற்குக் கரையில இருக்கற தோன்புரி ஸ்டேஷனுக்குப் போனேன். காஞ்சனபுரி வழியா நாம் டோக் வரைக்கும் அங்க இருந்து நாளைக்கு ரெண்டே ரயில், காலைல ஒண்ணு, மதியம் ஒண்ணு. ஏசி கிடையாது, ஃபேன், திறந்த ஜன்னல். நம்ம ஊரு பாசஞ்சர் மாதிரியே இருந்துச்சு. அதுவும் லேட்தான்.

இனி நான் அங்க பாத்ததும், அந்த ஊர் மியூசியத்துல படிச்சதும். இன்ஜினியரிங் படிக்கற நமக்கு இது பாடத்துல வராது.

இரண்டாம் உலகப் போர்ல தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பான் ராணுவம் போட்ட ரயில் பாதை, 415 கிலோமீட்டர். மலை, காடு, ஆறு. 1942 நடுவுல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சிட்டாங்க. ஒன்றரை வருஷம்கூட ஆகல. அந்த நிலத்துல அந்த வேகம் எப்படிச் சாத்தியமாச்சு? மெஷின் இல்ல. மண்வெட்டி, கூடை, உளி, சம்மட்டி, மனுஷங்க. 60,000-க்கும் மேல நேச நாட்டுப் போர்க்கைதிகள், அதுல 12,000-க்கும் மேல செத்துப் போனாங்க. அவங்களை விடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள்: பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர், மலாயா ரப்பர் தோட்டங்கள்ல இருந்து தமிழர். மலாயாவில இருந்து போனவங்கள்ல பெரும்பகுதி தமிழர்தான். தொழிலாளர்கள்ல எத்தனை பேர் செத்தாங்கன்னு சரியான எண்ணிக்கையே கிடையாது. 90,000 வரைக்கும், அதுக்கு மேலயும் மதிப்பீடுகள் இருக்கு. கைதிகளுக்கு அவங்க படையோட டாக்டர்களும் ஒரு கட்டுப்பாடும் இருந்துச்சு. தோட்டத்துல இருந்து வந்தவங்களுக்கு அது எதுவும் இல்ல. 1943-ல காலரா வந்தப்போ முகாம் முகாமாப் போனாங்க.

அந்த 1943-ல இன்னொண்ணும் நடந்துச்சு. கெடுவை இன்னும் முன்னாடி இழுத்தாங்க. போர்க்கைதிகள் அந்த மாதங்களுக்கு வச்ச பேரு 'ஸ்பீடோ'. காவலாளிங்க கத்தின வார்த்தை அது. மழைக்காலம், காலரா, அரைப் பட்டினி, எதுக்கும் ஷெட்யூல்ல இடம் கிடையாது.

காஞ்சனபுரி ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரத்துல போர்க் கல்லறை. கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள். வெட்டி விட்ட புல், பூச்செடி, வரிசை வரிசையா பேரு, படைப்பிரிவு, வயசு. 21, 23, 22. என் வயசு. அதைப் படிச்சுக்கிட்டே நடந்தப்போ மனசு கனத்துப் போச்சு. அவங்களுக்கு இந்த மரியாதை கெடைச்சது சரிதான். ஆனா அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி அங்கதான் புரிஞ்சுது. அவரோட பெரியப்பாவுக்குப் பேரு எழுதின கல்லு எதுவும் இல்ல. பக்கத்துல வாட் தாவோர்ன் வராராம் கோயில் வளாகத்துல ஆசியத் தொழிலாளர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கு. அங்கயும் போனேன். பாலத்துல இருந்த கூட்டம் அங்க இல்ல.

பாலத்துக்கும் போனேன். வளைஞ்ச இரும்புச் சட்டங்கள் பழசு, நடுவுல நேரா இருக்கற ரெண்டு ஸ்பான் குண்டுவீச்சுல உடைஞ்சதுக்குப் பதிலா போருக்கு அப்புறம் வச்சது. எல்லாரும் செல்ஃபி. நானும் ஒண்ணு எடுத்தேன், பொய் சொல்லல. 1957-ல வந்த புகழ்பெற்ற ஆங்கிலப் படத்தால இந்தப் பாலம் உலகத்துக்கே தெரியும். அந்தப் படத்தை எடுத்ததே இலங்கையில, கிதுல்கலயில. கதை போர்க்கைதிகளைப் பத்தினது. ஆங்கில மீடியத்துல 12 வருஷம் படிச்ச எனக்கு அந்தப் படம் தெரிஞ்சிருந்துச்சு. மலேசியத் தமிழ் வீடுகள்ல 'சயாம் மரண ரயில்'னு ஒரு பேரு இருக்கறது அந்த ஹட்யாய் ராத்திரி வரைக்கும் தெரியாது.

"அப்போ டிலே ஆனது நல்லதுதானே?"ன்னு ஃப்ரெண்டு கேட்டான். இல்லவே இல்ல. டிலே எனக்கு எதையும் கொடுக்கல, ஒரு நாளைப் பிடுங்கிட்டுதான் போச்சு. எதிர் பெர்த்ல வேற யாராவது இருந்திருந்தா நான் கிராண்ட் பேலஸ் வாசல்ல நின்னிருப்பேன், எதை விட்டேன்னு தெரியாமலேயே ஊருக்கு வந்திருப்பேன். அதிர்ஷ்டத்தை நம்பி ஷீட் போடக் கூடாது. அந்த ஆராய்ச்சியை நான் கிளம்பறதுக்கு முன்னாடி பண்ணியிருக்கணும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல 'இங்க ஏன் போறேன்'னு ஒரு காலம் இருந்திருந்தா, பாதி வரிக்கு என்கிட்ட பதிலே இருந்திருக்காது.

ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்ல கிரிட்டிக்கல் பாத் படிச்சிருப்பீங்க. ஒரு வேலை எவ்வளவு தள்ளிப் போனாலும் மொத்தத் திட்டம் தள்ளிப் போகாதோ, அந்த இடைவெளிக்குப் பேரு ஃப்ளோட். கிரிட்டிக்கல் பாத்ல இருக்கற வேலைக்கு ஃப்ளோட் பூஜ்யம். என் எட்டு நாளும் கிரிட்டிக்கல் பாத். எக்ஸாம்ல பதில் எழுதி மார்க் வாங்கினவன்தான் நான். சொந்தக் காசுல போடற திட்டத்துக்கு அதை யோசிக்கல.

என் லேட் ரயிலையும் அந்த ரயில் பாதையையும் ஒரே தட்டுல வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா அங்க நின்னப்போ ஒரு விஷயம் உறைச்சுது. ஃப்ளோட் இல்லாத ஷெட்யூலுக்கு யாரோ ஒருத்தர் விலை கொடுக்கறாங்க, பெரும்பாலும் அதைப் போட்டவன் கொடுக்கறதில்ல. என் ஷீட்டுக்கு ஒரு ராத்திரி தூங்காம இருந்தது எங்கம்மா. ரெண்டு வருஷத்துல நம்மள்ல பாதிப் பேர் சைட்லயோ ஆபீஸ்லயோ அடுத்தவங்க நாளுக்குக் கெடு வைக்கற வேலையில இருப்போம். அப்போ இது ஞாபகம் இருந்தா நல்லது.

இதுக்கு எதிரா ரெண்டு கருத்து வந்துச்சு, ரெண்டுமே நியாயமானதுதான். ஒண்ணு: "நமக்கு லீவே எட்டு நாள், மறுபடி எப்போ போவோம்னு தெரியாது, முடிஞ்ச வரைக்கும் பாக்கறதுதான் லாபம்." சரி. ஆனா எட்டு நாள்ல பத்து இடம் போட்டு ஆறு இடம் ஓடிக்கிட்டே பாக்கறதும், ஆறு நாளுக்கு அஞ்சு இடம் போட்டு ரெண்டு நாளைக் காலியா விடறதும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கைதான். ரெண்டாவதுல எந்த அஞ்சுன்னு நாமளே முடிவு பண்றோம். முதல்லதுல மழை முடிவு பண்ணுது. டிலேயே ஆகலன்னா? ரெண்டு நாள் போனஸ், அங்க போய் முடிவு பண்ணிக்கலாம்.

இன்னொண்ணு என் கிளாஸ்மேட் சொன்னது. "ராத்திரி ஒரு மணிக்குத் தெரியாத ஊர்ல டாக்ஸி தேடினதை நீ ரெண்டு வரியில எழுதிட்ட. நான் தனியாப் போனா அந்த ரெண்டு வரிதான் மொத்தப் பயமும்." இதுக்கு என்கிட்ட எதிர்வாதமே இல்ல. அவளுக்கு காலி நாள்ங்கறது வசதி மட்டும் இல்ல, பாதுகாப்பு. பகல்ல சேர்ற மாதிரி ரயில் எடுக்கவும், லேட் ஆனா வழியிலயே நல்ல ஊர்ல இறங்கித் தங்கவும் அந்த நாள் வேணும். ஷீட் போடறப்போ குழுவுல பொண்ணுங்க இருந்தா முதல்ல அவங்ககிட்ட கேளுங்க.

மூணாம் வருஷத் தம்பிகளுக்கு நான் அனுப்பின குறிப்புகள் இவ்வளவுதான்:

ஒரு நாட்டுல இறங்கற அதே நாள்ல பணம் திரும்ப வராத வேற டிக்கெட் போடாதீங்க.

ரிட்டர்ன் ஃப்ளைட்டுக்கு முந்தின முழு நாளும் அந்த ஃப்ளைட் இருக்கற ஊர்லயே இருங்க.

போற மாசத்துல அங்க மழையா, புயலான்னு ஊர் ஊராப் பாருங்க. ஒரே நாட்டுல ரெண்டு கரைக்கும் மழைக்காலம் வேற வேற.

மலேசியா, தாய்லாந்து மாதிரி டிஜிட்டல் அரைவல் கார்டு கேட்கற நாடுன்னா, போய்ச் சேர்றதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள நிரப்பணும். டிலேயால தேதி மாறினா அதையும் திருத்துங்க.

வீட்டுக்கு "இத்தனை மணிக்குச் சேர்வேன்"னு சொல்லாதீங்க. "இன்ன நேரம் வரைக்கும் மெசேஜ் வரலன்னா பயப்படாதீங்க, அதுக்கு மேலன்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க"ன்னு சொல்லிட்டுப் போங்க.

எந்த இடத்துக்குப் போக உங்ககிட்ட உண்மையான காரணம் இருக்கோ, அதைக் கடைசி நாள்ல வைக்காதீங்க. டிலே எப்பவும் கடைசி நாளைத்தான் தின்னும்.

குறிப்புகளோட ஒரு கேள்வியும் அனுப்பினேன்: "இதுல ஒரு நாள் போனா எதை விடுவீங்க?" நாலு பேரும் நாலு பதில் சொல்லி, இப்போ விங்ல ராத்திரியெல்லாம் சண்டை. ஒருத்தன் லாவோஸையே எடுத்துடலாம்ங்கறான். இன்னொருத்தன் லாவோஸ் இல்லேன்னா வரவே மாட்டேங்கறான், ஏன்னு கேட்டா இன்னும் சரியா சொல்லத் தெரியல. சண்டை நடக்கட்டும். ஹட்யாய் ஸ்டேஷன்ல மழையில உக்காந்து தனியா யோசிக்கறதை விட, ஹாஸ்டல்ல உக்காந்து சண்டை போட்டு முடிவு பண்றது எவ்வளவோ மலிவு.